ஐ.டி.ஐ. தேடி போடியில் அலைந்த நாலு நாள்

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம் இது. திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த வாரம் கெஸ்ட் யாரும் இல்லை, நான் மட்டும்தான். வழக்கமா நாம வேலை மாறுறது, சம்பளம், லோன்னு பேசுவோம். இன்னைக்குப் பேசப் போறதும் வேலை பத்தித்தான். ஆனா நம்ம வேலை இல்லை.

இதைக் கேக்கற உங்கள்ல நிறைய பேர் குடும்பத்துல முதல்ல காலேஜுக்குப் போன ஆளா இருப்பீங்க. அப்படி இருந்தா ஒரு பதவி உங்களுக்குத் தானா வந்து சேரும். மே மாசம் பத்தாவது ரிசல்ட் வந்த அன்னைக்கே போன் வரும். "தம்பி, நீதான் படிச்சவன். பிள்ளைய எதுல சேக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லு." நாமளும் கையில காபியோட, ஆபீஸ் கேன்டீன்ல நின்னுக்கிட்டு, அஞ்சு நிமிஷத்துல ஒரு வார்த்தை சொல்லிடுவோம். அந்த அஞ்சு நிமிஷத்துல நான் ஒரு பையனோட ஒரு வருஷத்தைக் கெடுத்தவன். அதனாலதான் இந்த எபிசோட்.

எனக்கு ஊர் போடிநாயக்கனூர். தேனி மாவட்டம், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். முந்தல் செக்போஸ்ட் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவு ஏறினா போடிமெட்டு. அதுக்கு மேல கேரளா. பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம்னு இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள். தோட்டம் அந்தப் பக்கம், வேலை செய்யற கை இந்தப் பக்கம். விடியறதுக்கு முன்னாடியே போடியில ஜீப் ஜீப்பா ஆளுங்க மலை ஏறிடுவாங்க. என் சித்தி இருபது வருஷத்துக்கு மேல அந்த ஜீப்புல போறவங்க.

2019-ல சித்தி மகன், என் தம்பி, பத்தாவது முடிச்சான். சித்தி போன் பண்ணாங்க. ஒரு தனியார் தொழிற்பயிற்சி நிறுவனத்துல ஏ.சி. மெக்கானிக் படிப்பு, ஒரு வருஷம், வேலை நிச்சயம்னு நோட்டீஸ் குடுத்திருக்காங்க, சேக்கலாமான்னு. நான் அப்பத்தான் முதல் வேலையில சேர்ந்திருந்தேன். அவங்க வெப்சைட்டைத் திறந்து பார்த்தேன். மொபைல்ல நல்லா ஓப்பன் ஆச்சு, போட்டோ எல்லாம் பளிச்சுன்னு இருந்துச்சு. "நல்ல இடமாத்தான் தெரியுது சித்தி"ன்னு சொல்லிட்டேன். வெப்சைட் செய்யறவனுக்கு வெப்சைட்டைத்தானே பார்க்கத் தெரியும்.

அந்த வருஷம் எங்க ஊருக்கு மறக்க முடியாத வருஷம். 2018 வெள்ளத்துல இடுக்கித் தோட்டங்கள் அடி வாங்கினதால வரத்து குறைஞ்சு, 2019 ஆகஸ்டுல ஏலக்காய் ஏலத்துல கிலோ 7,000 ரூபாயைத் தொட்டுச்சு. முதலாளிங்க கையில காசு புரண்டுச்சு. அதனால சித்தி கேட்ட முன்பணமும் சுலபமா கிடைச்சுச்சு. அதை அப்படியே கொண்டுபோய் ஃபீஸா கட்டினாங்க. தம்பி ஒரு வருஷம் போனான். ஒரே ஒரு பழைய ஏ.சி. இருந்துச்சாம், அதை மாத்தி மாத்திக் கழட்டி மாட்டினாங்களாம். கடைசியில தங்க நிற பார்டர் போட்ட சர்ட்டிபிகேட் குடுத்தாங்க. அதை எடுத்துக்கிட்டு ஒரு கம்பெனிக்கு அப்ரன்டிஸ் சேரப் போனப்ப அங்க இருந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இதுல என்.சி.வி.டி. எங்கப்பா இருக்கு?"ன்னு கேட்டிருக்கார். இல்லை. அது அந்த நிறுவனமே அச்சடிச்ச காகிதம்.

தம்பி என்னை ஒரு வார்த்தை கேக்கலை. இன்னைக்கு வரைக்கும் கேக்கலை. அதுதான் கஷ்டம். இப்ப அவனுக்கு 22 வயசு, மலைக்கு ஆள் ஏத்தற ஜீப் ஓட்டுறான்.

அடுத்து சித்தி மகள். தங்கச்சி பத்தாவது முடிச்சது போன கோடையில. இந்தத் தடவை சித்தி "எதுல சேக்கலாம்"னு கேக்கலை. "நீ வந்து கூட நில்லுப்பா"ன்னு மட்டும் சொன்னாங்க. ஆன்லைன் விண்ணப்பத்தோட முதல் சுற்றை ஏற்கெனவே விட்டுட்டாங்க. காலியா இருக்கற இடத்துக்கு நேரடிச் சேர்க்கை நடந்துக்கிட்டு இருந்துச்சு. ஆடி மாசம். நான் லீவு போட்டு வியாழக்கிழமை காலையில போடியில இறங்கினேன்.

கதைக்குப் போறதுக்கு முன்னாடி, சென்னையிலயே வளர்ந்தவங்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. ஐ.டி.ஐ.ன்னா தொழிற்பயிற்சி நிலையம். 1950-ல மத்திய அரசு ஆரம்பிச்ச கைவினைஞர் பயிற்சித் திட்டத்துல இருந்து வந்தது. நாடு முழுக்க 14,000-க்கும் மேல இருக்கு, அதுல முக்கால் பங்குக்கும் மேல தனியார். படிப்பை 'ட்ரேடு'ன்னு சொல்வாங்க. எலெக்ட்ரீஷியன், ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் எல்லாம் ரெண்டு வருஷம். வெல்டர், பிளம்பர் எல்லாம் ஒரு வருஷம். வெல்டர், வயர்மேன் மாதிரி சில ட்ரேடுக்கு எட்டாவது போதும். எலெக்ட்ரீஷியனுக்குக் கணக்கும் அறிவியலும் படிச்ச பத்தாவது வேணும். ஒரு வருஷத்துக்கு 1,200 மணி நேரம் பாடம், அதுல 840 மணி நேரம் செய்முறை. இந்த 840-ஐ மனசுல வச்சுக்கோங்க. நான் நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சேன். ஒர்க்‌ஷாப் லேபுல ஒரு இரும்புத் துண்டை அரம் போட்டுத் தேச்சது மொத்தமா ஒரு நாள் இருக்கும். அதையும் பக்கத்துல நின்னவன்தான் தேச்சுக் குடுத்தான்.

பாலிடெக்னிக் சேர்க்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. நானும் கேட்டேன். தங்கச்சி சொன்னது: "மூணு வருஷம் உக்காந்து எழுத முடியாதுண்ணே. எனக்குக் கையில செய்யணும்." அவ பள்ளிக்கூடத்துல ஃபேன் சுத்தலைன்னா ஸ்டூல் போட்டு ஏறுற பிள்ளை. தவிர, ரெண்டு வருஷ ஐ.டி.ஐ. முடிச்சா பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருஷம் சேரலாம். கதவு மூடிடலை. அதுக்கு மேல நான் வாதாடலை.

முதல் நாள் போனது ஒரு தனியார் நிலையம். பேர் வேண்டாம். பெரிய கட்டடம், வாசல்ல கண்ணாடி, ரிசப்ஷன்ல பூங்கொத்து. ஒரு வழவழ புத்தகம் குடுத்தாங்க, அதுல ஏழு படிப்பு. அங்க இருந்த சார் தங்கச்சியைப் பார்த்துட்டு, "பாப்பாவுக்கு எலெக்ட்ரிக்கல் அண்ட் சோலார் டிப்ளமோ கரெக்டா இருக்கும், இதுதான் இப்ப ஃபியூச்சர்"ன்னார். கவர்ன்மென்ட் அங்கீகாரம் இருக்கான்னு சித்தி கேட்டாங்க. "எல்லாமே கவர்ன்மென்ட் ரெஜிஸ்டர்டு தாம்மா."

இந்த இடத்துலதான் ஆறு வருஷம் முன்னாடி நான் தலையாட்டினேன். இந்தத் தடவை முந்தின நாள் ராத்திரி பஸ்ல உக்காந்து மத்திய அரசோட பயிற்சித் தலைமை இயக்குநரகம், அதான் டி.ஜி.டி., அவங்க தளத்துல அந்த நிலையத்தைத் தேடிப் பார்த்துட்டுதான் வந்திருந்தேன். எல்லாரும் தப்பு பண்ற ஒரு விஷயம் இங்க இருக்கு. அங்கீகாரம் கட்டடத்துக்குக் கிடையாது. ஒவ்வொரு ட்ரேடுக்கும் தனித்தனியா, அந்த ட்ரேடுல எத்தனை யூனிட், எத்தனை ஷிஃப்ட்னு எண்ணிக் குடுப்பாங்க. அந்த நிலையத்துக்கு எலெக்ட்ரீஷியன், ஃபிட்டர் ரெண்டுக்கும்தான் இணைப்பு இருந்துச்சு. புத்தகத்துல இருந்த மத்த அஞ்சு படிப்பும், அந்த சோலார் டிப்ளமோ உட்பட, பட்டியல்லயே இல்லை. வாசல்ல 'என்.சி.வி.டி. அங்கீகாரம் பெற்றது'ன்னு எழுதியிருக்கறது பொய் இல்லை. ஆனா நீங்க சேரப்போற படிப்புக்கு அது உண்மை இல்லை.

ரெஜிஸ்டர்டுங்கற வார்த்தையும் அப்படித்தான். ஒரு அறக்கட்டளையைப் பதிவு பண்ணினாலும் ரெஜிஸ்டர்டுதான். எங்க தெரு முருகன் கோயில் கமிட்டிகூட ரெஜிஸ்டர்டு.

"சார், எலெக்ட்ரீஷியன் ட்ரேடுலயே சேத்துக்கறோம், உங்க எம்.ஐ.எஸ். கோடு இதுதானே"ன்னு போனைக் காட்டினேன். அதுல சீட்டு முடிஞ்சிடுச்சுன்னார். சரி, ஒர்க்‌ஷாப்பைப் பார்க்கலாமான்னு கேட்டோம். சாவி இருக்கறவர் லீவுன்னார். வியாழக்கிழமை காலை பதினோரு மணி, வகுப்பு நடக்கற நேரம், ஒர்க்‌ஷாப் பூட்டிக் கிடக்கு. சித்தி எழுந்துட்டாங்க. வெளிய வந்ததும், "முன்னாடியே இந்தச் சாவியக் கேட்டிருக்கணும்"னாங்க. எனக்குத்தான் சொன்னாங்கன்னு நினைக்கறேன்.

மறுநாள் மாவட்டத்துல இருக்கற ஒரு அரசு ஐ.டி.ஐ. வாசல்ல பூங்கொத்து எல்லாம் இல்லை. வேப்பமரம், அதுக்குக் கீழ சைக்கிள்கள். ஆனா உள்ள நுழையறப்பவே சத்தம் கேட்டுச்சு. அரம் தேய்க்கற சத்தம். இருபது பேர் வரிசையா வைஸ் முன்னாடி நின்னு தேச்சுக்கிட்டு இருந்தாங்க. ஆளுக்கு ஒரு வைஸ். தரையெல்லாம் இரும்புப் பிசிறு. வெல்டிங் கூண்டுக்குப் பக்கத்துல ஒரு வாளி நிறைய எரிஞ்சு மிச்சமான ராடுத் துண்டு. என் கண்ணுக்கு முதல்ல அது குப்பையாத்தான் தெரிஞ்சுச்சு. தம்பிதான் சொன்னான்: "அண்ணே, இங்க நெசமாவே செய்யறாய்ங்க." அவன் படிச்ச இடத்துல தரை அவ்வளவு சுத்தமா இருந்துச்சாம்.

நம்ம மொழியில சொல்லணும்னா ஓப்பன் டே அன்னைக்குப் போறது டெமோ பார்க்கறது மாதிரி. சாதாரண வேலை நாள்ல, சொல்லாம போய்ப் பாருங்க. அப்பதான் புரொடக்‌ஷன்ல என்ன ஓடுதுன்னு தெரியும்.

நல்லது மட்டும் சொல்ல மாட்டேன். அங்க ரெண்டு லேத் மேல பிளாஸ்டிக் உறை போட்டு மூடியிருந்துச்சு, ரொம்ப நாளா ஓடலைன்னு பார்த்தாலே தெரிஞ்சுச்சு. ஒரு ட்ரேடுக்கு பயிற்றுநர் இடம் காலி, வேற ஒருத்தர் கூடுதலா பார்க்கறார். அதைக் கேட்டதும் தம்பி முகம் மாறிடுச்சு. அப்ப எலெக்ட்ரீஷியன் பயிற்றுநர் வெளிய வந்தார். ஐம்பதை நெருங்கற வயசு, சட்டைப்பையில டெஸ்டர். நான் கேக்கறதுக்கு முன்னாடியே அவர் தங்கச்சிகிட்ட கேட்டார்: "எதுக்கும்மா எலெக்ட்ரீஷியன்?" அவ திணறினா. "கரன்ட்டு புடிக்கும் சார்"னா. அவர் சிரிச்சுட்டார். "கரன்ட்டுக்கும் உன்னைப் புடிக்கும். அதான் பயம்"னு சொல்லிட்டு, பசங்களைக் கூப்பிட்டு அவங்க ஜாப் ரெக்கார்டைக் காட்டச் சொன்னார்.

இதை எல்லாரும் செய்யுங்க. பிரின்சிபாலைக் கேக்காதீங்க, ரெண்டாம் வருஷப் பசங்களைக் கேளுங்க. "இந்த வாரம் என்ன செஞ்சே?" அவ்வளவுதான் கேள்வி. செஞ்சவன் கையை ஆட்டி ஆட்டி விளக்குவான். ஒரு பையன் மூணு ஃபேஸ் மோட்டாருக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் கனெக்‌ஷன் குடுத்ததை எங்களுக்கு வரைஞ்சே காட்டினான். ரெண்டு பொண்ணுங்களும் அந்த பேட்ச்சுல இருந்தாங்க. தங்கச்சி அவங்களைத் தனியா கூட்டிட்டுப் போய் என்னமோ பேசினா. திரும்பி வந்ததும் என்ன கேட்டேன்னு கேட்டேன். "பாத்ரூம் எப்படி இருக்கு, கதவுல தாழ்ப்பாள் இருக்கா, சாயங்காலம் பஸ் எத்தனை மணிக்கு"ன்னு கேட்டாளாம். என் லிஸ்ட்ல பதினாறு கேள்வி இருந்துச்சு, கூகுள் ஷீட்டுல. இந்த மூணும் அதுல இல்லை.

அன்னைக்கு மத்தியானம் இன்னொரு தனியார் நிலையமும் பார்த்தோம். சின்ன இடம், மூணே ட்ரேடு, மூணுக்கும் இணைப்பு இருக்கு. நடத்தறவர் பழைய மில் ஃபிட்டர். அவரே நின்னு சொல்லிக் குடுக்கறார். முடிச்ச பசங்க எங்க இருக்காங்கன்னு கேட்டப்ப, போஸ்டர் காட்டலை, போனை எடுத்து ரெண்டு பேருக்கு அடிச்சு எங்க கையில குடுத்தார். அதுல ஒருத்தன், "அண்ணே, கம்பெனி ரோல் இல்ல, கான்ட்ராக்ட்டுதான். ஆனா சார் முன்னாடியே சொல்லித்தான் அனுப்பினாரு"ன்னு நேர்மையா சொன்னான். தனியார்னாலே மோசம்னு நான் மனசுல முடிவு கட்டிட்டு வந்திருந்தேன். அது தப்பு. அங்க ஃபிட்டர் சேர்ற பையனா இருந்தா நானே ஃபீஸ் கட்டியிருப்பேன். ஆனா எலெக்ட்ரீஷியன் அங்க இல்லை.

'நூறு சதவீதம் வேலைவாய்ப்பு'ங்கறதைப் பத்தி இங்கயே ஒரு வார்த்தை. எந்தக் கம்பெனி, அப்ரன்டிஸா கான்ட்ராக்டா, எந்த ஊர், தங்கற இடத்துக்குச் சம்பளத்துல புடிப்பாங்களா, ஒரு வருஷம் கழிச்சு அங்க எத்தனை பேர் மிச்சம். இதைக் கேட்டா பாதி இடத்துல பேச்சு மாறிடும்.

சனிக்கிழமை நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையில முக்கியம். நிலையம் எதுங்கறது ஓரளவு தெளிவாயிடுச்சு. ஆனா ட்ரேடு? சித்திக்கு மனசே இல்லை. "பொம்பளப் பிள்ள கம்பம் ஏறுமா? கம்ப்யூட்டர்ல எதாச்சும் சேத்து விடுப்பா." அரசு ஐ.டி.ஐ.ல கோபான்னு ஒரு வருஷ கம்ப்யூட்டர் ட்ரேடும் இருக்கு. சித்தி சொன்னதுல நியாயம் இல்லாம இல்லை. வெயில் இல்லை, மழை இல்லை, அட்டைக்கடி இல்லை. இருபது வருஷம் மழையில நனைஞ்சு காய் எடுத்தவங்க மகளுக்கு நிழல்ல ஒரு நாற்காலி கேக்கறாங்க. அதை எப்படித் தப்புன்னு சொல்றது?

தம்பி சொன்னான், "பாப்பாவ ஒரு நா மலைக்குக் கூட்டிட்டுப் போவோம். ஸ்டோர காட்டுவோம்." ஸ்டோர்னா அங்க காய் உலர்த்துற கட்டடம். அவன் ஜீப்புலயே ஏறினோம். மெட்டுல மூடுபனி, முன்னாடி போற ஜீப்போட சிவப்பு லைட்டு மட்டும்தான் தெரியுது.

ஏலக்காய் நம்ம கைக்கு வர்றப்ப பச்சையா, மொறுமொறுன்னு இருக்கும் இல்லையா, செடியில இருந்து வர்றப்ப ஈரமா கனமா இருக்கும். அஞ்சு கிலோ பச்சைக்காயை உலர்த்தினா ஏறத்தாழ ஒரு கிலோதான் மிஞ்சும். சுமார் 50 டிகிரி சூட்டுல, ஒரு ராத்திரி முழுக்க, சில சமயம் அதுக்கு மேலயும், தட்டுல பரப்பி உலர்த்தணும். கீழ விறகு அடுப்பு, சூட்டைக் கொண்டுபோற இரும்புக் குழாய், காத்தை ஓட்டற புளோயர். சூடு ஏறினாலும் போச்சு, குறைஞ்சு ஈரம் நின்னாலும் போச்சு, காயோட பச்சை நிறம் வெளுத்துடும். இந்த நிறத்துக்குத்தான் காசு. போடியிலயும் கேரளாவுல புத்தடியிலயும் ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலம் நடக்குது. வியாபாரிங்க சாம்பிள் காயைக் கையில எடுத்து நிறமும் பருமனும் பார்த்துட்டு கம்ப்யூட்டர்ல விலை ஏத்துவாங்க. வெளுத்த காய்னா விலை இறங்கிடும்.

நாங்க போன ஸ்டோர்ல முந்தின ராத்திரி மழையில வோல்டேஜ் இறங்கி புளோயர் மோட்டார் புகைஞ்சு போயிருந்துச்சு. ஸ்டோர் பாக்கற அண்ணன் தூங்காத கண்ணோட நின்னார். விடிய விடிய ஆள் தேடியிருக்கார். கடைசியில மோட்டாரைக் கழட்டி, எங்க ஜீப் திரும்பறப்ப போடியில ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோகச் சொன்னார். பதினேழு வளைவு இறங்கி, சுத்தி வாங்கி, திரும்ப ஏத்தணும். அதுவரைக்கும் ஜெனரேட்டர்ல பழைய சின்ன மோட்டார். "மலையில மரம் ஏற ஆள் இருக்கு, மருந்து அடிக்க ஆள் இருக்கு. பேனல் போர்டைத் திறந்து பாக்க ஆள் இல்ல தம்பி"ன்னார்.

தங்கச்சி பேசவே இல்லை. பேனல் கதவு திறந்து கிடந்துச்சு. கைய பின்னாடி கட்டிக்கிட்டு குனிஞ்சு பாத்துக்கிட்டே நின்னா. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டா: "அண்ணே, வோல்டேஜ் இறங்கினா மோட்டார் ஏன் கருகுது? கரன்ட்டு கம்மிதானே ஆகும்?" நான் இன்ஜினியர். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான், இருந்தாலும் முதல் வருஷம் அடிப்படை எலெக்ட்ரிக்கல் பாஸ் பண்ணவன். பதில் சொல்ல எனக்கு போன்ல சிக்னல் தேட வேண்டியிருந்துச்சு. (சிரிப்பு) லோடு குறையாதப்ப வோல்டேஜ் குறைஞ்சா மோட்டார் அதிக கரன்ட்டை இழுக்கும், சுருள் சூடாகும். அதைத் தடுக்கத்தான் ஓவர்லோடு ரிலே. அங்க அதை யாரோ நேரா பைபாஸ் பண்ணி வச்சிருந்தாங்க. அடிக்கடி ட்ரிப் ஆகுதாம், அதனால.

வீட்டுக்கு வந்ததும் சித்திகிட்ட தம்பிதான் பேசினான். "யம்மா, கம்பம் ஏறறது ஒரு வேலைதான். அதுக்குள்ள நூறு வேலை இருக்கு." அவன் அடுக்கினதைக் கேட்டு எனக்கே ஆச்சரியம். ஸ்டோர் மோட்டார், மருந்தடிக்கற பம்ப், ஆண்டிபட்டி பக்கம் காத்தாலை, தேனியில ஸ்பின்னிங் மில்லு, லோயர் கேம்ப் பவர் ஹவுஸ். தினமும் ஜீப்புல ஆள் ஏத்தி இறக்கறவனுக்கு ஊர்ல எந்த வேலைக்கு ஆள் இல்லைன்னு லிங்க்ட்இன்ன விட நல்லா தெரியுது. சான்றிதழ் முக்கியம்ங்கறதும் அவனுக்குத்தான் தெரியும். என்.சி.வி.டி. சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும். எங்க ஊருக்கு இது சின்ன விஷயம் இல்லை. வீடு தமிழ்நாட்டுல, வேலை கேரளாவுல. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப், திருச்சி பெல்னு அப்ரன்டிஸ் போறதுக்கும் அதுதான் முதல் காகிதம். ரயில்வேல அசிஸ்டன்ட் லோகோ பைலட் வேலைக்குக்கூட பத்தாவதோட இந்த மாதிரி ட்ரேடு படிச்சவங்க விண்ணப்பிக்கலாம்.

சித்தி கொஞ்ச நேரம் கழிச்சு, "ராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம் கூப்புடுவாய்ங்களே, அப்ப?"ன்னு கேட்டாங்க. யாருக்கும் பதில் தெரியலை. இன்னமும் எனக்குத் தெரியலை. மலையில நடுராத்திரி ஒரு ஸ்டோருக்கு ஒரு பொண்ணு டூல் பையோட போறது இன்னைக்கு நடக்கற காரியமா? மில்லுல, காத்தாலையில ஷிஃப்ட் வேலை நடக்கும். மலையில நடக்காமப் போகலாம். இதை மறைச்சு அவளை உற்சாகப்படுத்த எனக்கு மனசு வரலை. அவகிட்ட நேராவே சொன்னேன். "அது அப்பப் பாத்துக்கறேன், மொதல்ல கத்துக்கறேன்"னா.

திங்கக்கிழமை அரசு ஐ.டி.ஐ.ல எலெக்ட்ரீஷியன்ல மிச்சம் இருந்த இடத்துல சேர்த்தோம். பயிற்சிக் கட்டணம் கிடையாது. விண்ணப்பத்துக்கு 50 ரூபாய், சேர்க்கைக்கு ஒரு சின்னத் தொகை. வருகை சரியா இருந்தா மாசம் 750 ரூபாய் உதவித்தொகை. அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுங்கறதால புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 தனி. பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, ஷூ. 2019-ல நாங்க முன்பணம் வாங்கிக் கட்டின ஃபீஸை நினைச்சா வயிறு எரியுது. இதெல்லாம் அப்பவும் பெரும்பாலும் இருந்துச்சு. யாரும் சொல்லலை, நானும் தேடலை.

கேள்வி-பதில்ல வழக்கமா வர்ற ஒண்ணை முன்கூட்டியே சொல்லிடறேன். 'புது ட்ரேடு எல்லாம் வந்திருக்கே, ரோபோட்டிக்ஸ், எலெக்ட்ரிக் வண்டி, அதுல சேக்கலாமா?' தமிழ்நாடு அரசும் டாட்டா டெக்னாலஜிஸும் சேர்ந்து 2,877 கோடி ரூபாய்ல 71 அரசு ஐ.டி.ஐ.களைப் புதுப்பிக்கற திட்டம் 2022-ல வந்துச்சு. புது மெஷின், புது ஷெட். நல்ல விஷயம். ஆனா அங்கயும் கேள்வி அதேதான். மெஷின் ஓடுதா, ஓட்டக் கத்துக் குடுக்க ஆள் இருக்கா, பக்கத்துல அந்த மெஷின் வச்சிருக்கற கம்பெனி இருக்கா. ஓசூர்ல இருக்கற பையனுக்கு இதுக்கெல்லாம் ஆமான்னு பதில் வரலாம். போடியில இருக்கறவன் ஊரை விட்டுப் போகத் தயாரான்னு முதல்ல முடிவு பண்ணணும்.

ஜெர்மனியில முதல்ல கம்பெனியோட ஒப்பந்தம் போட்டு, சம்பளம் வாங்கிக்கிட்டே வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் மட்டும் பள்ளிக்கூடம் போவாங்க. நம்ம ஊர்லயும் இரட்டைப் பயிற்சி முறைன்னு அதே மாதிரி சில ஐ.டி.ஐ.கள்ல இருக்கு. நீங்க பார்க்கற இடத்துல அது இருக்கான்னு கேளுங்க. இருந்தா, கூட்டு சேர்ந்திருக்கற கம்பெனிக்கும் ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாங்க.

தங்கச்சி சேர்ந்து முதல் மாசம் ஒரே புலம்பல். எலெக்ட்ரீஷியன்னு சேர்த்துட்டு அரம் தேய்க்க விடறாங்களாம், ஹாக்சா பிளேடு போட்டு அறுக்க விடறாங்களாம், கரன்ட்டையே கண்ணுல காட்டலையாம். பாடத்திட்டமே அப்படித்தான், முதல்ல பாதுகாப்பு, கைக்கருவி, அடிப்படை ஃபிட்டிங். அப்புறம் ஒரு நாள் வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ வந்துச்சு. செம்புக் கம்பி ரெண்டைச் சேர்த்து, மேல மெல்லிசான கம்பி நெருக்கமா சுத்தினது. 'பிரிட்டானியா ஜாயின்ட்'னு கீழ எழுதியிருந்தா. பிஸ்கட் இமோஜியோட. சித்தி அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இதுக்கா அஞ்சு நாளு?"ன்னு கேட்டாங்களாம்.

போன வாரம் தம்பி போன் பண்ணான். ஜீப் டியூ பத்திப் பேசினான், மழை பத்திப் பேசினான், கடைசியில சாதாரணமா கேக்கற மாதிரி, "அண்ணே, ஐ.டி.ஐ.க்கு வயசு வரம்பு எவ்வளவு?"ன்னான். ஆம்பளைங்களுக்கு 40, பொண்ணுங்களுக்கு வரம்பே இல்லைன்னேன். டீசல் மெக்கானிக் ஒரு வருஷம்தான், மோட்டார் வண்டி மெக்கானிக் ரெண்டு வருஷம். ஒரு வருஷம்னா ஜீப்பை வேற ஆளுக்கு விட்டுச் சமாளிக்கலாம், ரெண்டுன்னா டியூ கட்ட முடியாதுன்னு கணக்குப் போட்டான். ஏ.சி. மெக்கானிக் ட்ரேடும் இருக்கேடான்னு சொன்னேன். அதுக்கு அவன் பதில் சொல்லலை.

அடுத்த சேர்க்கை வர்றதுக்கு இன்னும் மாசம் இருக்கு. இந்தத் தடவை நான் அபிப்பிராயம் எதுவும் சொல்லலை. எந்த நிலையத்துல டீசல் ட்ரேடுக்கு எத்தனை யூனிட்டுக்கு இணைப்பு இருக்குன்னு பட்டியல் எடுத்து அனுப்பியிருக்கேன். ஒர்க்‌ஷாப்பை அவனே ஒரு வேலை நாள்ல போய்ப் பார்த்துட்டு வர்றேன்னு சொல்லியிருக்கான்.